மலைமேல் ஒழுகிய வால்வு

எங்கள் மெக்கானிக்குகள் சங்கம் இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவக் கட்டுரை தரவேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஒரு பக்கம் போதும்ண்ணே, ஜாஸ்தி வாணாம். விளம்பரத்துக்கு எடம் வேணும்" என்றார். ஒரு பக்கத்தில் அடங்க நான் என்ன கல்யாணப் பத்திரிகையா எழுதப் போகிறேன்? விளம்பரம் கொடுத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் குட்டி வண்டியில் வால்வு ஒழுகினால் மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால், எங்கேயோ உட்கார்ந்திருப்பவர் பார்த்துவிட்டு "மாத்திடு" என்கிறார். நான் குறை சொல்லவில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது, முதுகும் பிழைக்கிறது. ஆனால் அது ஏன் ஒழுகியது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. மாட்டிய புதுசும் மறுபடி ஒழுகிய கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

குட்டி வண்டி என்று நாங்கள் சொல்வது மண் தோண்டும் எந்திரத்தில் சின்ன ரகம். பெரிய வண்டி ஏற முடியாத கல்வராயன் மலைத் தடங்களில் அதுதான் நுழையும். அதற்குப் பலமெல்லாம் எண்ணெய்தான். ஓட்டுபவர் லீவரை அசைத்தால், அவருடைய காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கும் கண்ட்ரோல் வால்வு எண்ணெயை வேண்டிய பக்கம் திருப்பிவிடும். அந்த வால்வு பல அடுக்குகளை வரிசையாக நிறுத்தி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கியது. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் விரல் தடிமனில் ஓர் எஃகுத் தண்டு முன்னும் பின்னும் ஓடும். அதற்கு ஸ்பூல் என்று பெயர். ஓர் அடுக்கு வண்டியின் பெரிய கையைத் தூக்கும், இன்னொன்று மடக்கும், இன்னொன்று மண் அள்ளும் பக்கெட்டைக் கவிழ்க்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே எண்ணெய் ஒழுகாமல் இருக்க ரப்பர் வளையம், அதாவது ஓரிங். இவ்வளவு தெரிந்தால் போதும், இனி நான் சொல்வது யாருக்கும் விளங்கும்.

நான் நைனார்பாளையத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். சின்னசேலத்தில் ஒரு லாரிப் பட்டறையில் கிரீஸ் அப்பினேன். பிறகு போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போனேன். எண்ணெயின் குணம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. கல்யாணம் ஆனதும் மனைவி "ஊர் சுத்தனது போதும், ஒரு எடமா இரு" என்றாள். கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் இருந்த ஒரு ஹைட்ராலிக் பட்டறையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அங்கே ஃபோர்மேன் சாமிக்கண்ணு.

பெயரில்தான் சாமி. கோயில் வாசலில் எல்லார் செருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்பார், உள்ளே வரமாட்டார். ஆயுத பூசையன்று பொரி கடலைக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பார். "சாமி கும்பிடாதவனுக்கு பசிக்காதாய்யா?" என்பார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். "கலியா" என்று கூப்பிட்டால் எல்லாம் நலம். "கலியமூர்த்தி" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "கலியமூர்த்தி அவர்களே, கொஞ்சம் இப்படி வர்றீங்களா" என்றால் வாயில் இருக்கும் டீ தொண்டையில் இறங்காது.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. பட்டறையில் எங்களில் யாரையும் அவர் மெக்கானிக் என்று சொன்னதில்லை. எல்லாரும் ஃபிட்டர்தான். "கழட்டி மாட்டறவன் ஃபிட்டரு. இன்னாத்துக்குக் கழட்டறோம், இன்னாத்துக்கு மாட்டறோம்னு தெரிஞ்சவன்தான்யா மெக்கானிக்கு" என்பார். பிள்ளைகள் பெற்று, மீசை நரைத்த பிறகும் நான் அவருக்கு ஃபிட்டர்தான். வாடிக்கையாளர் எதிரிலேயே "நம்ம ஃபிட்டர அனுப்பறேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கினேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும், ஏங்கினேன்தான்.

அவர் வால்வைத் திறக்கும் முறையைச் சொல்லவேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டை மண்ணில் பதிய வைப்பார். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா லீவரையும் நாலா பக்கமும் ஆட்டச் சொல்வார். பிறகு எண்ணெய் டேங்க் மூடியை மெதுவாகத் திருகி, காதைக் கொடுத்து நிற்பார். உள்ளே அடைந்திருந்த காற்று உஸ்ஸென்று வெளியேறும். "மூச்சு வுட்டுடுச்சி, இனிமே தொடு" என்பார். அடுத்தது தண்ணீர். வால்வைச் சுற்றி ஒரு பொட்டு மண்கூட இல்லாமல் பம்பு வைத்துப் பீய்ச்சிக் கழுவாமல் ஒரு போல்ட்டைத் தொடவிட மாட்டார். ஒரு மணல் துகள் உள்ளே போனால் வண்டியே போச்சு என்பது அவர் சித்தாந்தம். கழுவிக் காய்ந்ததும், குழாய்க்கும் அது சேரும் வாய்க்கும் ஒரே நிறத்தில் பெயின்ட் புள்ளி வைப்பார். துவைத்த வெள்ளை வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே சாமான்களை அடுக்குவார். கல்யாணச் சீர் வரிசை தோற்றுவிடும்.

ஓரிங்குகளுக்கு மட்டும் தனி டப்பா. வட்டமான, திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதை அவர் தவிர யாரும் தொடக்கூடாது. ஒவ்வோர் ஓரிங்கையும் எடுத்து, விரலில் எண்ணெய் தொட்டுச் சுற்றிலும் தடவித்தான் பள்ளத்தில் உட்கார வைப்பார். "காய்ஞ்ச ஓரிங்கும் கிழிஞ்ச ஓரிங்கும் ஒண்ணு" என்று இருக்கிற நேரமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். வேலை முடிந்து எஞ்சினை ஓடவிட்டால், எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்க்க விடமாட்டார். பழைய காலண்டர் அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். ஊசி மாதிரி பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் இறங்கிவிடும். அவருடைய இடது ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. அந்த விரலைக் காட்டித்தான் அட்டையைக் கையில் கொடுப்பார்.

ஒருமுறை எலவனாசூர்கோட்டையில் ஒரு வண்டிக்காரர், ஒழுகிய வால்வின் மேல் சவுக்காரத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார். சாமிக்கண்ணு ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னாங்க, தீபாவளி நெருங்கிடுச்சா? வால்வுக்கு எண்ணெ தேய்ச்சி சோப்பு போட்டுக்கினு கீறீங்க" என்றார். வண்டிக்காரர் வெட்கப்பட்டு எங்களுக்குக் கோழி அடித்துப் போட்டார். அதிலிருந்து அவர் எங்களுக்குச் சிநேகிதர்.

இனி மலைக் கதை. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஓர் ஊர். அங்கே அண்ணாமலை, அலமேலு என்று ஒரு தம்பதி. கொஞ்சம் சாமை நிலமும் மரவள்ளியும் உண்டு. அது வயிற்றுக்குப் போதாமல், பெண் பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, பல வருடம் கேரளத்தில் மிளகு எஸ்டேட்டில் கூலிக்கு இருந்தவர்கள். சேர்த்து வைத்ததை எல்லாம் போட்டு, பழைய குட்டி வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார்கள். அவர் ஓட்டுவார். நிலம் திருத்த, பாதை வெட்ட, தண்ணீர்க் குழாய்க்கு வாய்க்கால் தோண்ட என்று மலை முழுக்க வேலை இருந்தது. பெண் இவர்களோடு ஒரே வீட்டில் தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் போனாள். அந்த வண்டி அவர்களுக்கு அதைத்தான் கொடுத்தது.

அந்த வண்டியில்தான் பெரிய கையைத் தூக்கும் அடுக்கு ஒழுக ஆரம்பித்தது. அண்ணாமலை போன் பண்ணினார். நான் போனேன். பம்பை எஞ்சினோடு சாக்கில் கட்டி பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போய், ஃபோர்மேன் முறைப்படி முதலில் நன்றாகக் கழுவினேன். திறந்து பார்த்தால் எனக்கு ஆச்சரியம். ஸ்பூலின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை முழுக்கத் துரு அரித்து, அம்மை வடு மாதிரி குழி குழியாக இருந்தது. லீவரை அசைக்கும்போதெல்லாம் அந்தத் துரு உள்ளே போய்த் துளையைக் கீறியிருந்தது. பக்கத்து அடுக்குகளில் ஒன்றும் இல்லை. இப்படி அரித்ததைக் கடலூர் பக்கம் மீன்பிடித் துறையில் ஓடும் வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இந்த மலையில் ஏது கடல்? மழை ஈரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்த அடுக்கை மட்டும் புதுசாக மாற்றிவிட்டு, சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி போன். இந்த முறை பேசியது அலமேலு.

"சார், நீங்க மாட்டனது திரும்ப ஒழுவுது. முந்தாநேத்து பக்கெட்டுல வேரு மாட்டிக்கிச்சினு இவரு எறங்கி எடுத்துக்கினு இருந்தாரு. மேல நின்ன கை தானா கீழ வந்துச்சி. தோள்ல உரசிக்கினு போச்சி சார். ஒரு சாண் தள்ளி இருந்திருந்தா..." மூக்கை உறிஞ்சிவிட்டு, "இந்தத் தபா சரியாவலன்னா வித்துட்டு எஸ்டேட்டுக்கே போயிடறோம். எனக்கு வண்டி வாணாம், ஆளு வேணும்" என்றாள்.

நான் இதைப் போய்ச் சொன்னதும் சாமிக்கண்ணு கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒரு அடுக்கு ஒரு மழைக்குத் தாங்கலையா? நான் வர்றன்" என்றார். அது லேசான விஷயம் இல்லை. மலைப்பாதை வளைவில் அவருக்குக் குடலைப் பிடுங்கும். கச்சிராயப்பாளையம் தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம் பழத்தை எடுத்து மூக்கில் வைத்தவர், வெள்ளிமலை வரும்வரை எடுக்கவில்லை. நான் சேலத்திலிருந்து வரவழைத்த புது அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். சிரித்தால் "அவர்களே" வந்துவிடும்.

வண்டி வீட்டுக்கு முன்னால் நின்றது. முன்பக்கம் வழக்கம்போல எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கின. அண்ணாமலை முகம் வாடிப்போயிருந்தது. அலமேலு சற்றுத் தள்ளி நின்றாள். எங்களைப் பார்த்து "வாங்க" என்றவள், அதன் பிறகு வண்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவளுடைய ஒரு கை முந்தானையைப் பிடித்தபடியே இருந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பக்கெட்டை இறக்கினோம். வண்டி மூச்சு விட்டது. கழுவலாம் என்று பம்பை எடுத்தால், பம்பு கிளம்பவில்லை. அதன் கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். பஸ் கூரையில் உருண்டதில் என்னவோ ஆகிவிட்டது.

"கலியமூர்த்தி" என்றார் ஃபோர்மேன். கொஞ்சம் விட்டு, "சரி, வுடு. பிரஷ்ஷால தட்டி, காஞ்ச துணியால தொடச்சி எடுப்போம்" என்றார். அவர் வாழ்க்கையில் கழுவாமல் திறந்த வால்வு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

காலடித் தகட்டைத் தூக்கினேன். பிரஷ்ஷை எடுத்த அவர் கை அப்படியே நின்றது. பெரிய கைக்கான அந்த ஓர் அடுக்கின் மேல் மட்டும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்கு. அவர் நுனியில்லாத விரலால் அதைத் தொட்டார், முகர்ந்தார், பிறகு நாக்கில் வைத்தார்.

"சார்!" என்றேன்.

"உப்பு" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன முறையும் இது இருந்திருக்க வேண்டும். திறப்பதற்கு முன்னால் கழுவு என்ற அவருடைய வேதவாக்கின்படி, நானே அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து அனுப்பிவிட்டேன். அவருக்கும் அது உறைத்துவிட்டது என்பது அவர் என்னைத் திட்டாததிலேயே தெரிந்தது. "நம்ம தண்ணியே நம்ம கண்ண மறச்சிடுச்சிய்யா" என்று மட்டும் சொன்னார்.

"உப்பு மூட்டை எதனா ஏத்தனியா அண்ணாமல? உரம்?"

"இல்லீங்க. சீட்டுக்கு அடியில மண்வெட்டிகூட வைக்கமாட்டேன். மலையில உப்பு ஏதுங்க, கடைக்குப் போனாத்தான்."

சாமிக்கண்ணு குனிந்து, தகட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். வலது கை லீவர் தகட்டுக்குள் இறங்கும் இடத்தில் மண் போகாமல் ஒரு ரப்பர் உறை இருக்கும். அதற்கு உள்பக்கம், லீவர் தண்டில் மஞ்சள் துணியின் பிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் அந்த அடுக்கு. அவர் அந்தப் பிரியை இரண்டு விரலால் எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

அலமேலு தானாகவே முன்னால் வந்தாள். முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே எலுமிச்சை அளவுக்கு ஒரு மஞ்சள் துணி முடிச்சு. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கல்லுப்புங்கய்யா. மூணு மொளகா வச்சி முடிஞ்சது" என்றாள். "நாங்க வண்டி வாங்கன புதுசுல சரிவுல ஒரு பக்கமா சாஞ்சிடுச்சி. இவரு குதிச்சிட்டாரு. ஊரே பாத்துச்சி. அவ்ளோ பேரு கண்ணு பட்டுக்கீது, சும்மா வுடலாமா? அன்னிலேர்ந்து இவரு புடிக்கிற லீவர்லயே, ரப்பர் உறைக்கு உள்ள, இவருக்குக்கூடத் தெரியாம கட்டி வச்சிருக்கன். அமாவாசைக்கு அமாவாசை மாத்துவன். அன்னியர் கண்ணு பட்டா முடிச்சுக்கு வலு போயிடும். அதான் நீங்க வர்றதுக்கு முன்னாடி அவுத்து எடுத்துட்டன். போன தபாவும் அப்டித்தான்."

"முடிச்சி மொதல்லேர்ந்தே இந்த அளவுதானா?" என்று கேட்டார் ஃபோர்மேன்.

"மொதல்ல சின்னதா இருந்துச்சி. ஒழுவ ஆரம்பிச்சதும் திருஷ்டி ஜாஸ்தியா இருக்குதுன்னு உப்ப ஜாஸ்தியாக்கனன். திரும்ப ஒழுவனதும் இன்னும் கொஞ்சம்."

மலைப்பனியில் உப்பு கசியாமல் என்ன செய்யும்? ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டாக அந்த ஸ்பூல் முனையில் உப்புத் தண்ணீர் விழுந்திருக்கிறது. வால்வு ஒழுக ஒழுக அவள் உப்பைக் கூட்டியிருக்கிறாள், உப்பு கூடக்கூட வால்வு ஒழுகியிருக்கிறது. புருஷன் உயிரைக் காப்பாற்றக் கட்டியதுதான் அந்தக் கையைக் கீழே இறக்கியது. இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாமலைக்குப் புரிந்துவிட்டது. அவர் மனைவியைப் பார்க்காமல் வண்டியின் சக்கரச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கும் எங்கள் முகங்களைப் பார்த்தே பாதி புரிந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது.

நான் பயந்தது ஃபோர்மேனுக்குத்தான். சாமி, திருஷ்டி என்று யாராவது ஆரம்பித்தால் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்திலேயே நின்று வாதாடக்கூடிய மனிதர். இப்போது மரியாதை ஏறப்போகிறது என்று காத்திருந்தேன்.

அவர் அந்த முடிச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "ஏம்மா, இது இருக்கறதாலதான் ராவுல நீ தூங்கற?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா. இவரு வேலைக்குப் போனாருன்னா திரும்பி வர்ற வரிக்கும் எனக்கு இதான் தெம்பு."

"அப்ப இருக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு அவர் வேலையை ஆரம்பித்தார். குழாய்களுக்குப் புள்ளி வைத்தோம், வாய்களை அடைத்தோம். நீள போல்ட்டுகளைத் தளர்த்தி அடுக்குகளைப் பிரித்து, அரித்துப் போனதை எடுத்து வேட்டியின் ஓரத்தில் வைத்தார். புது அடுக்கை நுழைத்தார். ஓரிங் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி உட்கார வைக்கும்போது, அலமேலு மெல்ல வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அதுக்கு இன்னாத்துக்குய்யா எண்ணெ?"

"காய்ஞ்சதா போட்டா இறுக்கறப்ப முறுக்கிக்கினு கிழிஞ்சிடும். எண்ணெ இருந்தா வழுக்கிக்கினு போயி எடத்துல உக்காரும். காய்ஞ்ச ஓரிங்கும் கிழிஞ்ச ஓரிங்கும் ஒண்ணு."

அவள் தலையாட்டினாள். போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்பூல் சிக்கிக்கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டு, காலண்டர் அட்டையை நீட்டிச் சுற்றிலும் பார்த்தோம். அட்டையில் இருந்த முருகன் முகத்தில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. பெரிய கையை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, நாங்கள் நாலு பேரும் தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்தோம். அலமேலு கூழ் கொண்டுவந்தாள். குடித்து முடித்தும் கை நின்ற இடத்திலேயே நின்றது. அண்ணாமலை எழுந்து போய் வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அப்போதுதான் ஃபோர்மேன் நான் கனவிலும் நினைக்காத காரியத்தைச் செய்தார். தன்னுடைய ஓரிங் டப்பாவை எடுத்து, உள்ளே இருந்ததை எல்லாம் வேட்டியில் கவிழ்த்தார். முடிச்சைப் பிழிந்து, ஈரம் போக ஒரு காய்ந்த துணியில் சுற்றி, டப்பாவுக்குள் வைத்தார். அளவு பார்த்து ஓர் ஓரிங்கை எடுத்து, எண்ணெய் தடவி, மூடியின் உள்விளிம்பில் உட்கார வைத்து, மூடியை இறுகத் திருகினார். குழாய் இறுக்கும் கிளிப் ஒன்றைப் போட்டு, அந்த டப்பாவை ஓட்டுபவர் தலைக்கு மேல், கூரைக் கம்பியில் கட்டினார்.

அலமேலு அண்ணாந்து பார்த்தாள். "மூடி வச்சா அதுக்கு வலு இருக்குமாய்யா?"

"இந்த வண்டி எப்டிம்மா பாறையத் தூக்குது? எண்ணெய அடைச்சி வக்கிறதாலதான். ஒழுவ வுட்டா ஒரு கூட மண்ணக்கூடத் தூக்காது. நீ இத்தினி நாளா உப்ப ஒழுவ வுட்டுட்ட. இனிமே அடைச்சி வச்சிப் பாரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. பிறகு அவருடைய சட்டைப் பையைப் பார்த்து, "ஐயாவும்தான் எலுமிச்சம் பழம் வச்சிக்கினு கீறீங்க" என்றாள்.

"அது வாந்திக்கும்மா" என்றார். அண்ணாமலை அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

இறங்கும் பஸ்ஸில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சார், கடைசியில நீங்களே திருஷ்டி முடிச்சி கட்டிட்டீங்களே" என்றேன்.

பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "நான் வால்வக் காப்பாத்தனேன். அந்தப் பொண்ணு புருஷனக் காப்பாத்துது. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கணும், ஃபிட்டரு."

அந்த அடுக்கு அதன் பிறகு ஒழுகவில்லை. அவர்கள் எஸ்டேட்டுக்குப் போகவில்லை. சாமிக்கண்ணு ஓய்வு பெற்று, சேலத்தில் மகன் வீட்டுக்குப் போனார். நானும் ஓய்வு பெற்றேன். அண்ணாமலையின் பெண் வளர்ந்து படித்து, அவளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பத்திரிகை எங்கள் இருவருக்கும் வந்தது. ஃபோர்மேனால் அந்த வளைவுகளை இனி எந்தப் பழத்தாலும் தாண்ட முடியாது. நான் மட்டும் போனேன்.

பந்தலுக்குப் பக்கத்தில் அந்த வண்டி கழுவித் துடைத்து, பொட்டு வைத்து நின்றது. தலைக்கு மேல் அதே டப்பா. வெயிலில் வெளுத்திருந்தது, கிளிப் மட்டும் புதுசு. ஊரில் நின்ற டெம்போக்களிலும் டிராக்டரிலும்கூட அதே மாதிரி திருகு மூடி டப்பாக்கள் தொங்கியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அலமேலு பட்டுப்புடவையோடு ஓடிவந்தாள். நலம் விசாரித்த கையோடு அவள் கேட்டது இது: "சார், அந்த அளவுல ஓரிங் இருந்தா கொஞ்சம் பஸ்ஸுல குடுத்து வுடுங்க. அமாவாசைக்கு உப்பு மாத்தறப்ப அதையும் பாத்துடுவன். தட்டையா ஆயிட்டிருந்தா உடனே மாத்திடுவன். எல்லாரும் எங்கிட்டதான் வந்து கேக்கறாங்க."

இதை உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அங்கேயே நின்று ஃபோர்மேனுக்குப் போன் போட்டு, நாயனச் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். சிரிப்பார் என்று பார்த்தால், "எண்ணெ தடவித்தான் போடுதான்னு கேளு" என்றார்.

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அலமேலு அதன் பக்கம் குனிந்து, கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்: "காய்ஞ்ச ஓரிங்க யாருனா போடுவாங்களாய்யா? கிழிஞ்சிபூடாது?"

நான் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தேன்.

"கலியா" என்றார்.

"சார்."

"அந்தப் பொண்ணு மெக்கானிக்குடா."

போனை வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். அலமேலுவே வந்து எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். அவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். "அதுக்கு இன்னா சார் இப்ப, சாப்புடுங்க" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.